பனிக்கு முன் ஹாட் டப்பைக் காலி செய்தது

டொராண்டோவில் ஹாட் டப், அதாவது வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டி, வைத்திருப்பவர்களுக்கு அக்டோபர் கடைசி வாரம் முக்கியமானது. தண்ணீர் மாற்றுவதென்றால் அப்போதே மாற்றிவிட வேண்டும். ஜனவரிக் குளிரில் தொட்டியைக் காலி செய்தால், குழாய் வளைவுகளில் தங்கிய நீர் உறைந்து, குழாயையும் பம்பையும் வெடிக்க வைத்துவிடும். எங்கள் தொட்டி சுமார் 1,500 லிட்டர், அதாவது 400 அமெரிக்க காலன். அந்தக் காலன் கணக்கை மூன்றால் வகுத்து, ஒரு நாளில் இறங்குபவர்களின் எண்ணிக்கையாலும் வகுத்தால், எத்தனை நாளைக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும் என்பது தெரிந்துவிடும். நாளுக்கு ஒருவர் என்று வைத்தால் எங்களுக்கு 130 நாள் சொச்சம். இப்போது நிரப்பினால் மார்ச் தொடக்கம் வரை கவலையில்லை.

நீர் தெளிவாகத்தானே இருக்கிறது, ஏன் கொட்ட வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். தெளிவை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. நாங்கள் கிருமிகளைக் கொல்லப் போடுவது, நீரில் குளோரினை வெளிவிடும் டைகுளோர் தூள். அது 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) குளோரின் தரும்போது கூடவே 9 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் விட்டுச் செல்கிறது. குளோரின் செலவாகிவிடும். அமிலமோ நீரிலேயே தங்கி, மேலும் மேலும் சேர்ந்து, புதிதாகப் போடும் குளோரினின் வேகத்தை மட்டுப்படுத்தும். பரிசோதனைத் தாள் சரியான அளவையே காட்டும். கிருமிகள் மட்டும் சாகத் தாமதமாகும். சேர்ந்துவிட்ட அமிலத்தைக் குறைக்க நீரை மாற்றுவதுதான் வழி.

அதைவிட எனக்குப் பெரிய கவலை, கண்ணில் படாத குழாய்கள். நீரைப் பீய்ச்சும் ஜெட் துளைகளுக்குப் பின்னால் ஓடும் குழாய்களின் உட்சுவரில் வழுவழுப்பான கிருமிப் படலம் வளர்கிறது. லெஜியோனெல்லா போன்ற பாக்டீரியா 25 முதல் 45 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பில்தான் பெருகும். நாம் உட்காரும் வெப்பநிலையும் அதுவே. படலத்தை அப்படியே விட்டுவிட்டுப் புது நீரை ஊற்றுவது வீண் வேலை. ஆகவே காலி செய்வதற்கு முன்பே, பழைய நீரிலேயே குழாய்களைக் கழுவ வேண்டும்.

வெள்ளி இரவு ஃபில்டரைக் கழற்றிவிட்டு, குழாய் சுத்திகரிப்புத் திரவத்தை ஊற்றி, எல்லா ஜெட்களையும் முழு வேகத்தில் ஓடவிட்டேன். சிறிது நேரத்தில் மஞ்சள் நுரை பொங்கியது. அதன் ஓரத்தில், ஆறிய தேநீரில் படியும் ஆடையைப் போலப் பழுப்புத் துணுக்குகள் மிதந்தன. தெளிவாக இருந்த அதே நீர்தான்! நீர்மட்டக் கோட்டில் ஒட்டிய கறையைத் துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தேன். இரவு முழுவதும் அப்படியே ஊறட்டும் என்று விட்டேன்.

சனி காலை முதல் வேலை, தொட்டிக்கு மின்சாரம் தரும் பிரேக்கரை அணைத்தது. நீரில்லாமல் ஹீட்டர் ஓடினால் கருகிவிடும். நீரைத் தெருவோர மழைநீர் வடிகாலில் விடவே கூடாது. அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமல் ஓடைகள் வழியாக ஒன்டாரியோ ஏரியில் கலக்கிறது, குளோரின் மீன்களுக்கு நஞ்சு. ரசாயனம் கலந்த நீர் என்பதால் புல்தரைக்கும் விடவில்லை. சிறிய நீர்மூழ்கிப் பம்பை இறக்கி, அடித்தளச் சன்னல் வழியாகத் துணி துவைக்கும் அறைத் தொட்டிக்கு ஹோஸ் போட்டேன். அங்கிருந்து அது கழிவுநீர்க் குழாய்க்குப் போகிறது. அந்தத் தொட்டி வழிந்துவிடாமல் வால்வைப் பாதி மூடி வைத்து, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டேன்.

அடியில் தேங்கியதையும் ஒவ்வொரு ஜெட்டுக்குள் நின்றதையும் ஈர வாக்குவம் உறிஞ்சி எடுத்தது. உட்புறத்தைத் தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்தேன். ஃபில்டரைச் சுத்திகரிப்புக் கரைசலில் ஊறப்போட்டுவிட்டு, உதிரியாக வைத்திருந்ததை மாட்டினேன். இரண்டு ஃபில்டர் வைத்திருப்பது அவ்வளவு நிம்மதி. ஃபில்டர் அடைவதற்கு எங்கள் வீட்டில் முக்கியக் காரணம் தலையில் தேய்க்கும் தேங்காய் எண்ணெய். இனி யாராக இருந்தாலும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

நிரப்பும்போது ஹோஸை ஃபில்டர் குழிக்குள் செருகினேன். தொட்டிக்குள் நேரே விட்டால் பம்பில் காற்று அடைத்துக்கொள்ளும். மோட்டார் உறுமும், நீர் நகராது. நீர் நிரம்பிய பிறகே பிரேக்கரைப் போட்டேன். குழாய்நீர் 10 டிகிரி. அதை 38 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 49 யூனிட் மின்சாரம் வேண்டும். எங்கள் 4 கிலோவாட் ஹீட்டருக்கு அது 12 மணி நேர வேலை. காத்திருந்த நேரத்தில் முதலில் காரத்தன்மையை 80க்கும் 120 பிபிஎம்முக்கும் நடுவே கொண்டுவந்தேன். அது நிலைத்த பிறகு பி.எச். அளவு 7.4க்கு எளிதாக வந்துவிட்டது. கடைசியாகத்தான் குளோரின், 3 பிபிஎம்முக்குக் குறையாமல். ரசாயன ஆவி வெளியேறட்டும் என்று அரைமணி நேரம் மூடியைத் திறந்தே வைத்தேன்.

மூடியைத் தூக்கும்போது ஒரு பக்கம் கனத்தது. உள்ளிருக்கும் ஃபோம் பலகை ஈரத்தை உறிஞ்சிவிட்டது. இனி வெப்பம் அந்தப் பக்கமாகத் தப்பும். இந்தக் குளிர்காலத்தை இதே மூடியோடு ஓட்டிவிட்டு, வசந்தத்தில் புதிது வாங்க வேண்டும். நீள அகலத்தோடு மூலைகளின் வளைவையும் அளந்து குறித்து வைத்திருக்கிறேன்.