மலாவியில் பத்து நாட்கள்

அடிபம்பின் குழாய்க்குள் இருக்கும் தடி ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று மீட்டர். குழாய்க்குள்ளிருந்து மேலே வர வர அதைக் கொக்கியிலிருந்து விடுவித்து, மண் ஒட்டாமல் பாயில் கிடத்த வேண்டும். மலாவியின் டெட்சா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்குப் பத்து நாள் ஊழியத்துக்காகப் போயிருந்தோம். அந்த ஊர்க்காரர்கள் தாங்களாகவே என்னிடம் கேட்ட வேலை இது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் நாங்களே தீர்மானித்துக்கொண்டு போனவை. பள்ளிக்கூடத்துக்குப் பெயிண்ட் அடிப்பது, சிறுவர் கூடுகை, மாலையில் சுவிசேஷக் கூட்டம். லிலாங்குவே விமான நிலையத்தில் பதினோரு பேர் இறங்கியபோது பெட்டி நிறையத் தூரிகைகளும் வண்ணப் பென்சில்களும் இருந்தன. மூன்று மாதம் உபவாசித்து ஜெபித்திருந்தோம். அந்த ஜெபம் உண்மையானது. ஆனால் உங்களுக்கு என்ன தேவை என்று அங்குள்ள போதகருக்கு ஒரு வரிகூட எழுதிக் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் எடுக்கப் போன பெண்களோடு நடந்தேன். மலாவியில் பரவலாக இருக்கும் ஆஃப்ரிடெவ் அடிபம்பு. நாற்பது முறை அடித்தும் வாளி பாதி நிறையவில்லை. உள்ளே ரப்பர் சீல் தேய்ந்துவிட்டது என்றார் பம்புக் குழுவின் தலைவி. ஊர்க்காரர்களே கழற்றி மாட்டும்படி வடிவமைத்த பம்பு அது. ஒரு ஸ்பேனர் போதும். கழற்றத் தெரிந்த ஐந்து பெண்கள் அங்கேயே நின்றார்கள். இல்லாதது புது சீல் மட்டுமே. அறுவடைக்கு முந்தைய மாதங்கள் என்பதால் குழுவின் கையிருப்பு கரைந்திருந்தது.

எங்கள் தலைவர் உடனே பணத்தை எடுத்தார். போதகர் அவர் கையை மெல்லப் பிடித்து, "குழு பேசட்டும், ஐயா" என்றார். ஒரு மணி நேரம் மரத்தடியில் பேசினார்கள். பாதித் தொகையை எங்களிடம் வாங்கிக்கொள்வது, மீதியை வீட்டுக்கு வீடு திரட்டுவது என்று முடிவாயிற்று. சின்னத் தொகைதானே, முழுவதையும் வாங்கிக்கொண்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. தலைவியிடமே கேட்டுவிட்டேன். "அடுத்த முறை பழுதாகும்போது நான் எந்த முகத்தோடு வீடுகளில் காசு கேட்பேன்?" என்றார்.

ஆறாம் நாள் சீல் வந்தது. தடிகளை வாங்கிக் கிடத்த ஆள் போதவில்லை, என்னைக் கூப்பிட்டார்கள். கடைசியில் தலைவி பழைய சீலை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். விளிம்பு காகிதம்போல் மெலிந்திருந்தது. புதியதை மாட்டி அடிக்க, ஐந்தாறு அடியில் தண்ணீர் கொட்டியது. கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் முதலில் தண்ணீர்தான் கேட்டார். அந்தப் பகுதியைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். கொடுக்க வந்தவர் கேட்டுத்தான் தொடங்கினார் என்பது அந்தப் பாயருகே நின்றபோதுதான் உறைத்தது.

புறப்படுவதற்கு முந்தைய நாள் கேப் மெக்லியருக்குப் போனோம். 1875-ல் ஸ்காட்லாந்து மிஷனரிகள் மலாவி ஏரிக்கரையில் லிவிங்ஸ்டோனியா மிஷனைத் தொடங்கிய இடம். காய்ச்சல் பலரைக் கொண்டுபோனதால் 1881-ல் பண்டாவேக்கு மாறினார்கள். கேப் மெக்லியரில் அடக்கம் செய்யப்பட்டவர்களில் ஷட்ராக் ங்குனானாவும் ஒருவர். 1876-ல் தென்னாப்பிரிக்காவின் லவ்டேலிலிருந்து வந்த நான்கு ஆப்பிரிக்க ஊழியர்களில் ஒருவரான அவர், மறு ஆண்டே இறந்துபோனார். அவரோடு வந்த வில்லியம் கோயி ங்கோனி மக்களிடையே ஊழியம் செய்தார். தாய்மொழியான ஷோசா அவர்களுடைய பேச்சுக்கு நெருக்கமானது என்பதால் அவர்களோடு நேரடியாகவே பேச முடிந்தது. 1886-ல் இறக்கும்வரை அந்த நாட்டில் பத்து ஆண்டுகள் இருந்தார். என்னுடைய பத்து நாட்களும் மொழிபெயர்ப்பாளரின் வாய் வழியாகவே போயின. கல்லறைகளுக்கு முன்னால் வெகுநேரம் ஜெபிக்கவும் வார்த்தை வரவில்லை.

சில மாதங்களுக்குப் பின் போதகர் செய்தி அனுப்பியிருந்தார். பம்பு நன்றாக இருக்கிறது. கைப்பிடி அசையும் இடத்திலுள்ள புஷ் என்ற உறை தேயத் தொடங்கியிருக்கிறது, குழு அதற்கும் காசு சேர்க்கிறது. எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: தலைவியின் மகள் பரீட்சை எழுதுகிறாள், ஜெபியுங்கள். அவர்கள் மொழியான சிச்சேவா எனக்கு இன்னும் 'முலி ப்வாஞ்ஜி' (எப்படி இருக்கிறீர்கள்), 'ஸிகோமோ' (நன்றி) என்ற அளவிலேயே இருக்கிறது. வாரத்தில் இரண்டு மாலை உட்கார்ந்து படிக்கிறேன்.