3,170 ரூபாய்

26.12.2022, திங்கள்

பக்கத்து வகுப்பு டீச்சர் இரவு பஸ்ஸுக்குக் கிளம்புமுன் மகளை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். நாளை முதல் சென்னையில் பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்தில் உண்ணாவிரதம். ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்பதுதான் கோரிக்கை. “அரையாண்டு விடுமுறைதானே அக்கா, பிள்ளைகளுக்குப் பாடம் கெடாது” என்றாள்.

27.12.2022, செவ்வாய்

நாங்கள் இருவருமே இடைநிலை ஆசிரியர்கள், தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் நடத்துபவர்கள். படித்ததும் ஒரே பட்டயப் படிப்புதான். நான் 2008இல் சேர்ந்தேன், அவள் 2010இல். இடையில் 1.6.2009 வந்துவிட்டது.

ஆறாவது ஊதியக் குழுவின்போது பணியில் இருந்த எங்களுக்குப் பழைய அடிப்படைச் சம்பளம் 4,500ஐ 1.86ஆல் பெருக்கி 8,370 ஆக்கினார்கள். அந்தத் தேதிக்குப் பின் வந்தவர்களுக்குப் பெருக்கப் பழைய சம்பளம் ஏது? ஊதியக் கட்டின், அதாவது அந்தப் பணிக்கான சம்பள வரம்பின், அடிமட்டமான 5,200இல் நிறுத்திவிட்டார்கள். அதோடு சேரும் தர ஊதியம் 2,800 இருவருக்கும் ஒன்றே. வித்தியாசம் 3,170.

அது அங்கேயே நிற்கவில்லை. ஏழாவது குழு 2.57ஆல் பெருக்கியதும் எட்டாயிரத்தைத் தாண்டியது. ஆண்டுதோறும் 3 சதவீத உயர்வு வரும்போது இன்னும் விரிகிறது. முதல் நாள் போட்ட அடிப்படை ஓய்வுபெறும் வரை கூடவே வருகிறது.

இன்று புதிதாகச் சேர்பவருக்கு 20,600. மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயாவில் தொடக்க வகுப்பு ஆசிரியருக்குத் தொடக்கமே 35,400.

29.12.2022, வியாழன்

போனில் அவள் குரல் கம்மியிருந்தது. சுற்றிலும் பலர் மயங்கி விழுகிறார்களாம். “அம்மா சாப்பிட்டார்களா பெரியம்மா?” என்று குழந்தை கேட்டபோது எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

மூத்தவர்கள் அதிகம் வாங்குகிறார்கள் என்று சிலர் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. நான் வாங்குவது நியாயமான சம்பளம். அது அவளுக்கு வந்து சேரவில்லை.

1.1.2023, ஞாயிறு

கோரிக்கையை ஆராய மூவர் குழு அமைப்பதாக அரசின் அறிவிப்பு வந்திருக்கிறது. ஆசிரியர்கள் போராட்டத்தை நிறுத்திவிட்டார்கள். இன்றே அகவிலைப்படியும் 34இலிருந்து 38 சதவீதமாகியிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அதுவும் அடிப்படையின் மீதுதானே கணக்காகும்? எங்கள் இருவருக்கும் நடுவே இன்னும் முந்நூறு ரூபாயாவது கூடியிருக்கும்.

2.1.2023, திங்கள்

விடியற்காலையில் வந்து சேர்ந்தாள். இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. குழு எப்போது முடிவு சொல்லும் என்று கேட்டேன்.

“தெரியவில்லை அக்கா. மறுபடி கூப்பிட்டால் போவேன். பாப்பாவை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.”

“பாப்பாவை என் மாமியார் பார்த்துக்கொள்வார். நானும் உன்னோடு வருகிறேன்” என்றேன்.