ஒல்லியாக இருந்தும் ஸ்லீப் அப்னியா: காரணம் தேடிப் போன கதை

எனக்கு ஸ்லீப் அப்னியா என்று சொன்னால் யாரும் சட்டென்று நம்புவதில்லை. "உனக்கா? ஒல்லியாகத்தானே இருக்கே?" என்கிறார்கள். தூக்கத்தில் மூச்சு அடைப்பதெல்லாம் கழுத்து பெருத்து, தொப்பை போட்ட ஆண்களுக்குத்தான் என்று ஒரு நினைப்பு. நான் ஐம்பதைத் தாண்டிய பெண். எடை அளவாக இருக்கிறது, சர்க்கரையும் கிடையாது. அப்படியிருந்தும் ஏன் வந்தது என்று கண்டுபிடிக்கத்தான் நாளாயிற்று.

தொந்தரவுகள் எல்லாம் தனித்தனியாக வந்தவை. காலையில் எழும்போதே தலை கனக்கும், வாய் வறண்டிருக்கும். ராத்திரியில் சிறுநீர் கழிக்க இரண்டு மூன்று தடவை எழுந்துவிடுவேன். பகலெல்லாம் அசதி. மாதவிடாய் நின்ற பிறகு இதெல்லாம் சகஜம் என்று ஒரு டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்டால் தூக்கம் வந்தது. அசதி மட்டும் கூடியது. குறட்டை விடுகிறேனா என்று அவர் கேட்கவே இல்லை.

என் அறையில் படுக்கும் மகள்தான் கவனித்தாள். "அம்மா, நீ குறட்டை விடுறதுகூடப் பரவாயில்லை. நடுவுல அது நின்னுடுது. அப்புறம் திடீர்னு மூச்சை இழுக்கிறே. எனக்குப் பயமா இருக்கு." போனில் பதிவும் செய்து வைத்திருந்தாள். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அதைத்தான் முதலில் போட்டுக் காட்டினோம்.

அவர் வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னார். உள்நாக்கு தெரியவே இல்லையாம், நாக்கே மறைத்துக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் திரும்பி உட்காரச் சொல்லி என் மோவாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கீழ்த்தாடை சற்று உள்வாங்கியிருக்கிறது என்றார். இத்தனை வருடம் கண்ணாடியில் பார்க்கும் முகம், எனக்கு அது தோன்றியதே இல்லை. மூக்கின் நடுத்தண்டும் ஒரு பக்கம் வளைந்திருந்தது.

அவர் விளக்கியது எனக்குப் புரிந்தபடி இதுதான். மூக்குக்குப் பின்னாலிருந்து குரல்வளை வரைக்கும் உள்ள தொண்டைப் பகுதியைத் திறந்தபடி நிறுத்தி வைக்க எலும்புக்கூடு எதுவும் இல்லை. சுற்றியுள்ள தசைகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. தூங்கும்போது அவை எல்லோருக்குமே தளரும். வழி தாராளமாக இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. குறுகலாக இருந்தால் முதலில் குறட்டை, அப்புறம் முழு அடைப்பு. உடல் பருத்தவர்களுக்குக் கழுத்திலும் நாக்கிலும் கொழுப்பு சேர்ந்து வழி குறுகும். எனக்குத் தாடையே சிறியது. "பெரிய பெட்டியில் நிறையச் சாமான் திணித்தாலும் மூட முடியாது, சின்னப் பெட்டியில் அளவாக வைத்தாலும் மூட முடியாது" என்றார். குழந்தைகளுக்கு வந்தால் பெரும்பாலும் டான்சிலும், மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு சதையும் வீங்கியிருப்பதுதான் காரணமாம்.

தூக்கத்தைப் பதிவு செய்து பார்க்கும் ஸ்லீப் ஸ்டடிக்கு ஒரு இரவு ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். தலையில் பசை தடவி வயர்கள், கண்ணோரம், மோவாய், கால் எல்லாவற்றிலும் ஒட்டுவார்கள். மூக்கில் மெல்லிய குழாய், மார்பிலும் வயிற்றிலும் பெல்ட், விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப். இதையெல்லாம் மாட்டிக்கொண்டு யாரால் தூங்க முடியும் என்று நினைத்தேன். அரைகுறையாகத் தூங்கினேன், அதுவே போதும் என்றார்கள்.

ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் திரையில் காட்டியதுதான் எனக்கு உண்மையில் கண்ணைத் திறந்தது. மேலே மூக்கின் காற்றோட்டக் கோடு. அது ஏறி இறங்கிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் சமமாகிவிடுகிறது. காற்று சுத்தமாக இல்லை. ஆனால் அதற்குக் கீழே மார்பு, வயிறு பெல்ட்களின் கோடுகள் நிற்காமல் ஆடுகின்றன. ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது. உடம்பு மூச்சை இழுக்கப் போராடுகிறது, தொண்டை மூடியிருக்கிறது என்று அர்த்தம். மூன்று கோடுகளும் ஒன்றாகப் படுத்துவிட்டால் அது வேறு கதை: மூளையே மூச்சு விடச் சொல்லவில்லை. இதய பலவீனம் உள்ளவர்களுக்கும், மார்ஃபின் போன்ற வலி மருந்துகளை நாள்பட எடுப்பவர்களுக்கும் அந்த வகை வரலாம். எனக்கு இருந்ததெல்லாம் முதல் வகை. கொஞ்சம் பின்னால் ஆக்சிஜன் கோடு சரிகிறது, அதையடுத்து மூளை அலையில் ஒரு சின்ன விழிப்பு, தொண்டை திறக்கிறது. விடிய விடிய இதே கூத்து. எனக்கு ஒன்றுகூட நினைவில் இல்லை.

குறைந்தது 10 விநாடி காற்று நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ ஒன்று என்று கணக்கு. மணிக்கு 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். எனக்கு 22. ஆனால் மல்லாந்து படுத்திருந்த நேரத்தை மட்டும் பிரித்தால் தீவிர அளவைத் தொட்டது. ஒருக்களித்துப் படுத்தபோது லேசான அளவுக்குள் வந்துவிட்டது. கனவு வரும் தூக்கக் கட்டத்தில்தான் நிலைமை மிக மோசம். அப்போது தசைகள் இன்னும் தளர்ந்துவிடுமாம்.

ஆக, ஒரே காரணம் என்று எதையும் கைகாட்ட முடியவில்லை. தாடை பிறவியிலேயே அப்படி. மாதவிடாய் நின்றதும், மூச்சைத் தூண்டும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் குறைந்துவிட்டது. மூக்கடைப்பு, மல்லாந்து படுக்கும் பழக்கம் வேறு. இதற்கெல்லாம் மேல், தூக்கம் வரவில்லை என்று கொடுத்த அந்த மாத்திரை தசையைத் தளர்த்தும் ரகம். மது குடித்தாலும் இதே விளைவுதானாம். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாமல், இந்த டாக்டர் சொன்னபடி அளவைக் குறைத்துக் குறைத்து விட்டேன்.

ராத்திரி எழுந்து போவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். மூடிய தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைந்து இதயத்தின் மேலறை விரிகிறது. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அது ஒரு ஹார்மோனைச் சுரந்து சிறுநீரகத்தை முடுக்கிவிடுகிறது. நான் மூத்திரப்பையில்தான் ஏதோ கோளாறு என்று ஸ்கேன் வரைக்கும் போயிருந்தேன்.

இப்போது சிபாப் கருவி போட்டுக்கொண்டு படுக்கிறேன். காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் இந்த முறையை 1981இல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் குழுவினர் வெளியிட்டார்கள். அதற்கு முன் தீவிரமாக இருந்தவர்களுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வழியாம். அதைக் கேட்ட பிறகு மாஸ்க்கைப் பற்றி முணுமுணுப்பதை நிறுத்திவிட்டேன். முகத்துக்குச் சரியான அளவு கிடைக்கும் வரை காற்று கண்ணோரம் கசிந்து எரிச்சல்தான். மூக்குக்கு ஸ்ப்ரே, படுக்கும்போது முதுகுக்கு ஒரு தலையணை.

தலைவலி போய்விட்டது, இரவில் எழுவதும் பெரும்பாலும் இல்லை. அசதிதான் பாதி குறைந்து அங்கேயே நிற்கிறது. தைராய்டு குறைந்தாலும் நாக்கு தடித்து இந்தத் தொந்தரவு கூடலாம் என்பதால் முதலிலேயே ரத்தம் பார்த்திருந்தார்கள். அளவு எல்லையில் இருந்தது. அதை மறுபடி பார்க்க எழுதிக் கொடுத்திருக்கிறார். மகளுக்கும் என் தாடைதான் என்பதால், அவளையும் ஒரு தடவை அழைத்து வரச் சொன்னார்.