சிப்பிப்பாறை வேட்டைநாய்க் குட்டி வீட்டுக்குள்ள அமைதியா இருக்குமா?
இருக்கும். ஆனா ஓடவிட்டுக் களைக்க வைச்சா அடங்கிடும்னு நினைக்கிறது தப்பு. தினமும் ஒரு மணி நேரம் பந்து எறிஞ்சா தெம்புதான் ஏறும், சும்மா இருக்கக் கத்துக்காது. சாயங்காலம் காலைக் கவ்விக் கவ்வி இழுக்குதா? பெரும்பாலும் தூக்கம் பத்தலைன்னு அர்த்தம். மூணு மாசக் குட்டி ஒரு நாளைக்கு நிறைய நேரம் தூங்கணும்.

சும்மா இருக்கப் பழக்க, மூலையில ஒரு சாக்கு விரிங்க. அதுவா வந்து படுத்து, இடுப்பு ஒரு பக்கமா சாயும் பாருங்க, அந்த நொடி முன்னங்கால் நடுவுல வேகவைச்ச கோழி ஒரு சின்னத் துண்டு வைங்க. பேசவும் வேண்டாம், தடவவும் வேண்டாம். இப்படி 5 நிமிஷம், ஒரு நாளைக்கு 3 தடவை.

பூனை, கோழி எதிர்ல வந்தா கயிறு கையில இருக்கணும். துரத்திப் பழகிட்டா மாத்துறது ரொம்பக் கஷ்டம். தலை ஒடுக்கமான நாய், சாதாரண கழுத்து பெல்ட் சுலபமா உருவிக்கும். இழுத்தா கொஞ்சம் இறுகுற அகலமான பெல்ட் (மார்டிங்கேல்) போடுங்க.