வார்டோவில் வேலைக் காலம்

ஜனவரி 9

வார்டோ நோர்வேயின் வடகிழக்கு மூலையில் ஒரு தீவு ஊர். இந்த வாரம் எங்கள் மீன் ஆலைக்கு வருவதெல்லாம் கொட் இனத்து ஹாடொக் மீன். சின்னப் படகுக்காரர் ஆயிரங்கால் தூண்டிலில் பிடித்து அன்றன்றே கொண்டுவருவதால் சதை நசுங்காமல் இறுக்கமாக இருக்கிறது. எனக்கு லைட் மேசையில் வேலை. வெள்ளைப் பலகைக்கு அடியில் விளக்கு எரியும். மீன் துண்டை அதன் மேல் விரித்தால் உள்ளே மிச்சமிருக்கும் முள்ளும், சுருண்டு கிடக்கும் புழுவும் நிழலாகத் தெரிந்துவிடும். கத்தி நுனியால் எடுத்துவிட்டு அடுத்த துண்டு. புழு என்றதும் ஊரில் முகம் சுழிப்பார்கள். கடல்மீனில் அது இயல்பு. நன்றாகச் சமைத்தால் செத்துப்போகும். ஆனாலும் சாப்பிடுகிறவரின் தட்டில் அது இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் நாங்கள் அங்கே நிற்கிறோம். இந்த வேலையை நான் மதிக்கிறேன்.

தொலைபேசியில் கதைக்கிற சொந்தக்காரர் எல்லோருக்கும் ஒரே கேள்வி: அந்த இருட்டில் என்ன செய்கிறீர்கள்? வேலை செய்கிறோம். நோர்வேயின் கொட் மீன்பிடியில் பெரும்பகுதி ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில்தான் நடக்கிறது. ஊரில் தை மாதம் அறுவடை என்றால் இங்கேயும் அப்படித்தான், வயல் மட்டும் கடலுக்குள் இருக்கிறது.

நாள் முழுக்கக் கும்மிருட்டு என்று நினைப்பதும் சரியில்லை. நவம்பர் 23 வாக்கில் போன சூரியன் இன்னும் திரும்பவில்லைதான். ஆனால் காலை ஒன்பது மணிக்கு மேல் வானம் நீலமாக வெளிக்கும், தெற்கே கடல் விளிம்பு சிவக்கும், இரண்டு மணிக்குள் முடிந்துவிடும். கோப்பி இடைவேளையை அந்த நேரத்தில் எடுக்க எல்லோருக்கும் விருப்பம்.

ஜனவரி 14

தைப்பொங்கல். மதிய வெளிச்சத்தில் பொங்கவேண்டும் என்பதற்காக இன்று மட்டும் பின்னேர வேலைக்கு மாறிக்கொண்டேன். பச்சை அரிசியும் பயறும் ஒஸ்லோவிலிருந்து தபாலில் வந்திருந்தன. சர்க்கரை போன வருடம் அக்கா கொண்டுவந்தது. மின் அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோது புகை எச்சரிக்கை மணி அடித்தது, மகளுக்கு அது பெரிய சந்தோஷம்.

இந்த மாதத்தில் இங்கே வெளிச்சம் வருவது தெற்கிலிருந்து. மதியம் சூரியன் நேர் தெற்கில், கடல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. அதனால் நிறைகுடத்தைத் தெற்கு யன்னலோரம் வைத்துப் படைத்தேன். அம்மாவுக்குப் படம் அனுப்பியதும் உடனே அழைப்பு வந்தது.

"தெற்குப் பாத்தோ பிள்ளை பொங்கினனீ?"

அது யமன் திசை என்ற பயம் அவருக்கு.

"சூரியன் அந்தப் பக்கம்தான் அம்மா நிக்கிறார்."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "அப்ப சரி. அவர் நிக்கிற பக்கம்தானே பாக்கவேணும்" என்றார். எனக்கும் அதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

ஜனவரி 17

நேற்றிலிருந்து புயல். படகுகள் எல்லாம் துறைமுகத்துக்குள்.

வார்டோவின் குளிரை வெப்பமானி காட்டாது. தெற்கிலிருந்து ஏறிவரும் வெப்ப நீரோட்டம் இந்தக் கடலை உறையவிடுவதில்லை. பூச்சியத்துக்கு நாலைந்து பாகை கீழே என்பதே இங்கே வழக்கமான ஜனவரி. உள்நாட்டில் கரஷோக்கில் 1886இல் மைனஸ் 51.4 பாகை பதிவாகியிருக்கிறது, நோர்வேயின் சாதனை அதுதான். எங்களை வாட்டுவது காற்று. மறைப்புக்கு மரமில்லாத தீவு இது. நேராக பாரன்ட்ஸ் கடலிலிருந்து வந்து அறையும். பனிக்கட்டி படிந்த தெருவில் அந்தக் காற்றோடு நடக்க, சப்பாத்துக்கு அடியில் முள்ளுப் பட்டி மாட்டவேண்டும். உள்ளுடுப்பு கம்பளிதான். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

என் கணவர் வேலை செய்கிற இரை கோக்கும் கொட்டகைக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். புயல் நாளில் அங்கே நல்ல கூட்டம். ஒரு தொட்டிக்கு நானூறு ஐந்நூறு தூண்டில் வரும். ஒவ்வொன்றாகப் பழைய இரையைச் சுரண்டி, முறுக்கு எடுத்து, கானாங்கெளுத்தித் துண்டோ கணவாயோ குத்தி, கயிற்றை வட்டம் வட்டமாகத் தொட்டிக்குள் அடுக்கவேண்டும். அடுக்கில் ஒரு வளையம் மாறினாலும் கடலில் விடும்போது சிக்கும். ஓடுகிற கயிற்றில் தூண்டில் கையைப் பிடித்தால் ஆளையே இழுத்துவிடும். அதனால் அடுக்குகிறவரின் கையை நம்பித்தான் படகுக்காரர் போகிறார். கூலி தொட்டிக் கணக்கு. இவருக்குத் தகப்பனிடம் பருத்தித்துறையில் பழகிய கை. இங்குள்ள கிழவர்கள் வந்து நின்று பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஜனவரி 20

இன்று பீரங்கி வெடித்தது!

வார்டோஹுஸ் கோட்டையில் வருடத்தின் முதல் சூரியனுக்கு வேட்டு வைப்பது இந்த ஊர் வழக்கம். 1734க்கும் 1738க்கும் இடையில் எண்கோண நட்சத்திர வடிவில் கட்டிய சின்னக் கோட்டை அது. சூரியனின் முழு வட்டமும் விளிம்புக்கு மேலே தெரியவேண்டும், அப்போதுதான் சுடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு அன்று லீவு. நாங்கள் ஆலையில் கத்தியை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினோம். லித்துவேனியப் பெண்கள், தாய்லாந்துப் பெண், உள்ளூர்க்காரர், நான், எல்லோரும் வெள்ளை மேலங்கியோடும் வலைத்தொப்பியோடும் தெற்கே பார்த்து நின்றோம். ஒருத்தி அழுதாள். வளிமண்டலம் ஒளியை வளைப்பதால் உண்மையில் விளிம்புக்குக் கீழே இருக்கும் சூரியனே கொஞ்சம் முன்கூட்டித் தெரிகிறதாம். மகளின் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது.

இனி ஒவ்வொரு நாளும் பகல் நிமிடக் கணக்கில் நீண்டுகொண்டே போகும்.

ஜனவரி 28

கையுறை ஒன்று பின்னி முடிந்தது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கற்றுக்கொண்ட மீனவர் கையுறை. கைக்கு அளவாகப் பின்னக் கூடாது, மிகப் பெரிதாகப் பின்னவேண்டும். பிறகு வெந்நீரில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துச் சுருக்கினால் கம்பளி தடித்து, பின்னல் தெரியாமல் இறுகிவிடும். நனைந்தாலும் சூடு போகாது. ரப்பர் கையுறை வருமுன் இதைப் போட்டுக்கொண்டுதான் தூண்டில் இழுத்தார்களாம். அடுத்தது இவருக்கு.

பெப்ரவரி 6

வடக்கின் பூர்வகுடிகளான சாமி மக்களின் தேசிய நாள். 1917இல் இதே தேதியில் துரொண்ட்ஹைமில் சாமிகள் முதல் முறையாக எல்லை தாண்டிக் கூடினார்கள். ஆலையில் கலைமான் இறைச்சியும் உருளைக்கிழங்கும் கரட்டும் போட்ட பிடொஸ் கொடுத்தார்கள்.

என் பக்கத்தில் நின்று முள் எடுக்கிறவள் நெஸ்ஸெபி பக்கத்துக் கடலோரச் சாமிக் குடும்பம். பாட்டிக்கு மொழி தெரியும். ஆனால் பள்ளிக்கூடத்தில் சாமி பேசவிடாத காலம் அது, அவர் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கவில்லை. இவள் இப்போது வயது நாற்பதுக்கு மேல், மாலை வகுப்பில் படிக்கிறாள். மேசையில் எனக்கு முன்னால் ஒன்று, இரண்டு எண்ணிக் காட்டினாள். வீட்டுக்கு வந்து மகளின் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் படித்தோம். அதை எந்த வாரமும் விடப்போவதில்லை.

பெப்ரவரி 16

மாலைக் கரையோரக் கப்பலில் போட்ஸ்பியூர்டு என்ற மீன்பிடி ஊருக்குப் போய் வந்தோம். பெர்கனுக்கும் கிர்கெனெஸ்ஸுக்கும் இடையில் ஓடுகிற கப்பல் எங்களுக்கு ஊர்ப் பேருந்து. தரைவழி என்றால் தானா வரை சுற்றவேண்டும், காற்று மாறினால் போட்ஸ்பியூர்டு மலைப்பாதையைத் தடுப்பு இறக்கி மூடிவிடுவார்கள். பிறகு பனி அகற்றும் வண்டி முன்னால் போக, கார்கள் வரிசையாக அதன் சிவந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும்.

அங்கே எங்கள் ஆட்கள் சிலர் 1980களிலிருந்து இருக்கிறார்கள். எங்கள் வடக்கு மாகாணமான ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளுக்கு ஆள் இல்லாமலிருந்த நேரம் வந்து சேர்ந்தவர்கள். பலர் பிறகு ஒஸ்லோவுக்குப் போய்விட்டார்கள், இவர்கள் நின்றுவிட்டார்கள். நோர்வேக்கு முதலில் வந்த தமிழர் என்று சொல்லப்படும் அந்தோனி ராஜேந்திரமும் 1956இல் வந்து மீன்பிடித் தொழிலைத்தான் படித்தார். பிறகு நோர்வேக்காரரின் உதவியோடு யாழ்ப்பாணத்தில் சீநோர் மீன்பிடி நிறுவனத்தைத் தொடங்கினார். என் கணவரின் தகப்பன் பாவித்த வலை அந்த நிறுவனத்தின் ஆலையில் செய்ததுதான். மீன் எங்களை இங்கே கொண்டுவந்தது என்று அண்ணர் ஒருவர் சொன்னபோது ஒருவரும் மறுக்கவில்லை. கொட் சினையை மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரித்து, தலையில் குழம்பும் வைத்திருந்தார்கள். அந்தக் குழம்புக்காகவே இன்னொரு முறை போகலாம்.

மார்ச் 9

ஹொர்னோயாவுக்குப் பறவைகள் வந்துவிட்டன. துறைமுகத்துக்கு வடகிழக்கில் இருக்கிற அந்தத் தீவில் பாறைமுகட்டுக் கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் இறங்கியிருக்கின்றன. தொலைநோக்கியோடு அலைதாங்கியில் வெகுநேரம் நின்றேன். குளிர்காலம் முழுக்க இங்கே என் துணை ஸ்டெல்லர் ஈடர் வாத்துகள். சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிரைக் கழிக்க எங்கள் வாரங்கர் கரைக்கு வருபவை. ஆணுக்கு வெள்ளைத் தலை, வயிறு செம்பழுப்பு, அவ்வளவு வடிவு. உலகெங்கும் எண்ணிக்கை குறைந்துவருகிற இனம். அவை அலைதாங்கிக்கு உள்ளே, நான் நடந்துபோகிற தூரத்தில் மேய்வதை ஒரு பொறுப்பாகவே நினைக்கிறேன்.

மார்ச் 27

கப்பெலின் கரைக்கு வந்திருக்கிறது! சின்ன மீன், முட்டையிட ஃபின்மார்க் கரையைத் தேடி வரும். அதைத் தின்றபடி பின்னாலேயே கொட் வரும். முட்டையிடும் கொட்டின் பெருங்கூட்டம் மேற்கே லொஃபோதன் தீவுகளுக்குப் போய்விடுகிறது. கிழக்கே எங்களுக்கு வாய்ப்பது இந்த வசந்தக் கொட். வயிற்றைக் கீறினால் கப்பெலின் நிறைந்து வழிகிறது.

மேலதிக நேரத்துக்குப் பெயர் கேட்டார்கள், கொடுத்தேன். தலைகள் காய்ந்து நைஜீரியாவுக்குப் போகும். அதற்குமுன் நாக்கை வெட்டி எடுப்பது இந்தக் கரையில் பிள்ளைகளின் தொழில். தலையை இரும்பு முள்ளில் குத்தி, ஒரே வெட்டில் நாக்கை எடுத்து வாளியில் போடவேண்டும், விற்கிற காசு அவர்களுக்கே. இந்த வருடம் மகளும் கேட்டாள். இவர் அவளுக்குச் சின்னக் கத்தி ஒன்றைத் தீட்டிக் கொடுத்து, கையை எங்கே வைக்கக் கூடாது என்று காட்டினார். நாளை பள்ளி முடிந்ததும் ஆலைக்கு வருகிறாள். அவளுக்கு என் பழைய ரப்பர் காலணி சரியாக இருக்கிறது, மேலங்கிதான் வாங்கவேண்டும்.