வெள்ளைப் பூவுக்குப் பின்னால்: கியோட்டோவிலும் யோஷினோவிலும் எட்டு நாள்

ஏப்ரல் 2, காலை ஐந்தரை மணி. கியோட்டோவின் கெஆகே சரிவுப் பாதையில் ஆறு பேரும் ட்ரைபாடை விரித்துக்கொண்டிருந்தோம். பிவா ஏரியிலிருந்து 1890-ல் வெட்டி முடித்த கால்வாயில் வந்த படகுகளை ஒரு காலத்தில் இங்கே வண்டியில் வைத்து, தண்டவாளத்தின் மேல் ஏற்றி இறக்கினார்கள். 582 மீட்டர் நீளம். இப்போது படகும் இல்லை, வண்டியும் இல்லை. துருப்பிடித்த தண்டவாளமும் இரண்டு பக்கமும் சகுரா எனும் செர்ரிப்பூ மரங்களும் மட்டும் இருக்கின்றன. மூன்று வருடமாகக் காசு சேர்த்து வந்த பயணம் இது. கால் நடுங்கியதற்குக் குளிர் பாதிக் காரணம், ஆசை மீதி.

அன்று காலை மட்டும் 214 படம் எடுத்தேன். ராத்திரி அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வைத்துக்கொள்ளத் தக்கது ஒன்றுகூட இல்லை. வானம் வெள்ளை, பூவும் வெள்ளை, நடுவில் கிளைகள் மட்டும் கோடு கோடாக. ஜப்பானியர்கள் இந்த மேகமூட்டத்துக்கென்றே 'ஹனகுமோரி' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சொல் அழகு. கேமராவுக்குத்தான் அது பெரிய சோதனை.

என்ன நடந்தது என்று இப்போது தெரிகிறது. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணித்தான் கணக்குப் போடும். படச்சட்டம் நிறைய வெள்ளை இருந்தால், "வெளிச்சம் அதிகம்" என்று முடிவு செய்து படத்தை இருட்டாக்கிவிடும். பூ அழுக்குப் பஞ்சு மாதிரி விழும். அதைச் சரிசெய்ய எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரு மடங்காக, ஏற்றினால் பூ வெளுக்கிறது, ஆனால் பின்னால் இருக்கும் வானம் மொத்தமாக எரிந்துபோகிறது. எவ்வளவு திருகினாலும் தீராது. கோளாறு அமைப்பில் இல்லை, நான் நின்ற இடத்தில் இருந்தது.

அதை எனக்குக் காட்டியது எங்கள் குழுவில் இருந்த அக்காதான். ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்களைக் கூட்டிப்போன அண்ணன், கோவையிலிருந்து வந்த ஒரு தம்பதி, கல்லூரி முடித்த ஒரு பையன், அக்கா, நான், ஆக ஆறு பேர். ஒவ்வொரு ராத்திரியும் தங்கும் அறையின் பாய்த்தரையில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு மூன்று படம் காட்ட வேண்டும். அது அண்ணன் வைத்த விதி. அக்காவின் முதல் படத்தில் ஒரே ஒரு கொத்துப் பூ இருந்தது. பின்னால் கரிய கருங்கல் சுவர். பூ விளக்கேற்றிய மாதிரி தனியாக நின்றது.

"அக்கா, இது எங்க எடுத்தீங்க?"

"உன் பக்கத்துலதான் தம்பி. நீ அண்ணாந்து பார்த்துக்கிட்டிருந்த. நான் குனிஞ்சு பார்த்தேன்."

சிறு குழுவோடு போவதன் அருமை எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. ஒரே இடம், ஒரே நேரம், ஒரே வெளிச்சம், ஆறு பேர் ஆறு விதமாகப் பார்த்திருக்கிறோம். தனியாகப் போயிருந்தால் வானத்தைக் குறை சொல்லிவிட்டு ஊர் திரும்பியிருப்பேன். நாற்பது பேர் பேருந்தில் போயிருந்தால் ஒருவர் படத்தை இன்னொருவர் பார்க்கவே நேரம் இருந்திருக்காது. அதோடு, நாற்பது ட்ரைபாடை வைக்க இந்த ஊர்ப் பாதைகளில் இடமும் கிடையாது. பல கோயில்களில் ட்ரைபாடுக்கே தடை. ஆறு பேர் என்றால் கையில் கேமராவோடு ஓரமாக ஒதுங்கி நிற்கலாம், ஊர்க்காரர்கள் நடந்துபோக வழி விடலாம்.

அன்றிலிருந்து எனக்கு வேலை மாறிப்போனது. பூவைத் தேடுவதை விட்டேன். பூவுக்குப் பின்னால் கருமையாக என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன்.

அடுத்த நாள் மழை. குழுவில் எல்லோர் முகமும் வாடியிருந்தது. அண்ணன் மட்டும், "இன்னைக்குத்தான் நல்ல நாள், கிளம்புங்க" என்றார். தத்துவப் பாதைக்குப் போனோம். கிங்காகு-ஜி எனும் வெள்ளி மண்டபக் கோயில் பக்கத்திலிருந்து தொடங்கும் பாதை இது. சிறு கால்வாயை ஒட்டி ஏறக்குறைய 2 கிலோமீட்டர் போகிறது. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் நிஷிதா கிதாரோ நடந்த பாதை என்பதால் இந்தப் பெயர்.

மழையில் சகுராவின் அடிமரம் கரி பூசிய மாதிரி கறுத்துவிடுகிறது. காய்ந்த நாளில் சாம்பலும் பழுப்புமாக இருக்கும் அதே பட்டைதான். அதன் முன்னால் ஒரு பூங்கொத்து வருகிற மாதிரி நின்றால் வேறு எதுவும் வேண்டியதில்லை. சில மரங்களில் அடிமரத்திலிருந்தே, கிளை இல்லாமல், இரண்டு மூன்று பூ நேராக முளைத்திருந்தன. 70-200 ஜூம் லென்ஸில், திறப்பை எஃப் 4-ல் வைத்து, ஒரே மரத்தின் முன்னால் நாற்பது நிமிடம் நின்றேன். குடையைக் கல்லூரிப் பையன் பிடித்தான். அவன் எடுத்தபோது நான் பிடித்தேன்.

அவ்வளவு நேரம் நின்றதால்தான் பூவையே முதல்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஐந்து இதழ். ஒவ்வொரு இதழின் நுனியிலும் சின்னதாக ஒரு வெட்டு. புதிதாக மலர்ந்த பூவின் நடு வெளிர்ப்பச்சை சாயலில் இருக்கிறது. நாள் ஆக ஆக நடு சிவக்கிறது. உதிரப் போகும் பூவின் நடுப்பகுதி நன்றாகவே ரோஜா நிறம். தூரத்திலிருந்து மரம் 'பிங்க்' ஆகத் தெரிவதில் இந்த வயதான பூக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்புறம் கீழே பார்த்தால், இதழ் இதழாக உதிராமல் முழுப் பூவாகவே சில விழுந்து கிடந்தன. காற்று செய்த வேலையாக்கும் என்று நினைத்தேன். அண்ணன் மேலே கை காட்டினார். சிட்டுக்குருவி. தேனைக் குடிக்க அதன் அலகு வாகாக இல்லை, அதனால் பூவின் அடிப்பகுதியைக் கொத்திப் பிய்த்து, தேனை உறிஞ்சிவிட்டு மீதியைக் கீழே போடுகிறது. பக்கத்துக் கிளையில் நம் ஊர் வெள்ளைக்கண்ணியின் சொந்தக்காரப் பறவை 'மெஜிரோ', கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு, பூவுக்குள் தலையை விட்டு ஒழுங்காகக் குடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கிளையில் ஒரு பூவும் விழவில்லை.

அன்று நடந்த ஒரு சம்பவத்தையும் எழுதத்தான் வேண்டும். எங்களில் ஒருவர் சட்டத்துக்குள் கொண்டுவர ஒரு கிளையைப் பிடித்துக் கீழே இழுத்தார். அண்ணன் குரலை உயர்த்தாமல், ஆனால் உடனே, விடச் சொன்னார். சகுரா காயம் தாங்காத மரம். கிளை முறிந்த இடம் வழியாக அழுகல் உள்ளே போய்விடும். "சகுராவை வெட்டுபவன் மூடன், பிளம் மரத்தை வெட்டாதவனும் மூடன்" என்று ஜப்பானில் பழமொழியே இருக்கிறது. வேர்ப்பகுதியை மிதித்து மண்ணை இறுக்குவதும் அதே கேடுதான். நாம் போய் நிற்கிற மரத்தடியில் அடுத்த ஏப்ரலில் வேறொருவர் வந்து நிற்பார். ஒரு படத்துக்காக அந்த மரத்தைக் கெடுக்க யாருக்கும் உரிமை இல்லை, இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

நான்காம் நாள் ராத்திரி தோ-ஜி கோயில். ஏறக்குறைய 55 மீட்டர் உயரமுள்ள ஐந்தடுக்கு மரக்கோபுரம், விளக்கொளியில் தொங்குகிளை சகுரா, குளத்தில் இரண்டின் நிழலும். பார்க்கக் கண் போதாது. படமாக எனக்கு ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை. கூட்டத்தில் நின்று எல்லோரும் எடுக்கும் அதே படத்தை நானும் எடுத்தேன். மறுநாள் காலை, ராத்திரி இருட்டுக்காக ஏற்றி வைத்த ஒளியுணர்திறனை, ஐஎஸ்ஓ 3200-ஐ, மாற்ற மறந்து அரை மணி நேரம் வேறு போனது. இப்போது படுக்கும் முன் கேமராவைப் பழைய அமைப்புக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் பேட்டரியை சார்ஜில் போடுகிறேன்.

ஐந்தாம் நாள் யோஷினோ. நாரா மாகாணத்து மலை. கியோட்டோவிலிருந்து ரயில் மாறிப் போனோம். கியோட்டோவில் நாங்கள் பார்த்ததில் பெரும்பாலானவை 'சோமேய்-யோஷினோ' வகை. பெயரில் யோஷினோ இருந்தாலும் அது பழைய எடோ நகரத்தின் (இன்றைய டோக்கியோ) சோமேய் கிராமத்து நாற்றங்கால்களிலிருந்து பரவியது. எல்லாம் ஒட்டுப்போட்டு வளர்த்த ஒரே மரத்தின் பிரதிகள். அதனால்தான் ஒரு பகுதியில் எல்லாம் ஒரே நேரத்தில் பூத்து ஒரே நேரத்தில் உதிர்கின்றன. யோஷினோ மலையில் இருப்பது பெரும்பாலும் 'யமசகுரா', காட்டு சகுரா. விதையிலிருந்து வருவதால் ஒரு மரம் போல இன்னொன்று இருக்காது. பூவோடு சேர்ந்தே தளிரும் வருகிறது. ஒன்றின் தளிர் செம்பு நிறம், பக்கத்து மரத்தினுடையது பச்சை, அதற்கடுத்தது பழுப்பு.

மலையை அடி, நடு, மேல், உள் என்று நான்காகப் பிரித்து 'சென்போன்' என்கிறார்கள், ஆயிரம் மரம் என்று பொருள். மொத்தம் சுமார் 30,000 மரங்கள் என்பார்கள். பூ அடிவாரத்தில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே ஏறும். நாங்கள் போனபோது நடுப்பகுதி முழுப்பூ, மேலே இன்னும் மொட்டு. எந் நோ கியோஜா என்ற தவசி இந்த மலையில் சகுரா மரத்தில்தான் ஸாவோ தெய்வத்தின் உருவைச் செதுக்கினார் என்பது ஐதீகம். அதிலிருந்து இங்கே சகுரா தெய்வ மரம். பக்தர்கள் நூற்றாண்டுகளாகக் கன்றுகளைக் காணிக்கையாக நட்டு வந்ததில்தான் இந்த மலையே உருவானது. வேண்டுதலுக்கு மரம் நடுகிறார்கள் என்று கேட்டதும் அக்கா கைகூப்பிவிட்டார்.

மேல் சென்போனில் ஹனயகுரா என்ற இடத்திலிருந்து கீழே பார்த்தால் கின்புசென்-ஜி கோயிலின் பெரிய கூரை, அதைச் சுற்றிப் பூ. ஆனால் எனக்கு வேண்டியது வேறு பக்கம் இருந்தது. சகுராத் தோப்புக்கு நடுவே, பின்னால், செடார் மரங்கள். நெட்டுக்குத்தாக, கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும் பச்சை. மாலை நாலரைக்கு வெயில் மலைமுகட்டுக்கு அப்பால் சரிந்து, முன்னால் இருந்த ஒற்றை சகுராவின் மேல் மட்டும் பட்டது. செடார்கள் நிழலில். மீட்டர் இந்த முறை எதிர்ப்பக்கம் தவறும் என்று தெரியும், சட்டம் நிறைய இருட்டு இருப்பதால் பூவை எரித்துவிடும். ஒரு ஸ்டாப் இறக்கினேன். வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது ஓரத்தைத் தொடாமல் பூவின் வெள்ளை நின்றது. வெயில் போவதற்குள் ஒன்பது படம். எட்டு நாளில் எடுத்த 1,900 சொச்சத்தில் அந்த ஒன்பதில் ஒன்றைத்தான் பெரிதாக அச்சுப் போட்டிருக்கிறேன்.

ஏழாம் நாள் மறுபடி தத்துவப் பாதை. அதற்குள் உதிரத் தொடங்கியிருந்தது. கால்வாய்த் தண்ணீரில் இதழ்கள் சேர்ந்து தெப்பம் மாதிரி மிதந்து வருகின்றன. 'ஹனா-இகதா', பூத்தெப்பம் என்றே அதற்குப் பெயர். விடியற்காலையில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து ட்ரைபாடை வைத்து, வெளிச்சத்தைக் குறைக்கும் ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டு, எஃப் 11-ல் பத்து விநாடி திறந்துவைத்தேன். தண்ணீர் கறுப்பு, அதில் இதழ்கள் இழுத்த வெள்ளைக் கோடுகள். கரையில் சிக்கி நின்ற சில இதழ்கள் மட்டும் கூர்மையாக. கோவை சாரும் பக்கத்தில் நின்று அதையே முயன்றார், அவருக்கு இருபது விநாடி நன்றாக வந்தது.

இன்னும் கைவராதது காற்றில் உதிரும் இதழ். ஷட்டரை 1/500 விநாடியில் வைத்து எடுத்தால் சென்சாரில் தூசி படிந்தது போலப் புள்ளி புள்ளியாக நிற்கிறது. 1/60-ல் மழை மாதிரி ஆகிவிடுகிறது. 1/125-ல் பின்னால் இருட்டும், பக்கவாட்டில் வெயிலும் இருந்தால் நடக்கும் என்று தோன்றுகிறது, ஆனால் அந்த வெயிலும் காற்றும் கடைசி நாள் சேர்ந்து வரவில்லை. குழுவில் நான்கு பேர் அடுத்த முறைக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வாரம் தள்ளி, உதிரும் நாட்களாகப் பார்த்துப் போவது என்று பேச்சு. அக்கா இப்போதே சீட்டுக் கட்டத் தொடங்கிவிட்டார்.