மூன்று புள்ளி நான்கு என்பது எவ்வளவு?

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் உள்ள ஒரு சிறிய கல்லூரியில் வேதியியல் கற்பித்த காலத்தில், பதினோரு ஆண்டுகள் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கான ஆலோசனைக் குழுவிலும் பணியாற்றினேன். அந்நாட்டில் பள்ளியை முடித்தவுடன் மருத்துவம் படிக்கத் தேர்வாகிறவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பில் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வகத்துடன் படித்து, எம்கேட் என்னும் பொதுத்தேர்வையும் எழுதி விண்ணப்பிக்கிறார்கள். ஆசிரியர்கள் தனித்தனியாக எழுதித் தரும் பரிந்துரைகளைத் தொகுத்து, ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் கல்லூரியின் சார்பில் ஒரு கடிதம் எழுதுவது எங்கள் குழுவின் வேலை. மே மாதம் விடைத்தாள் திருத்தி முடித்த கையோடு இந்தக் கடிதங்களுக்கு உட்கார்ந்தால் ஜூலை நடுவில்தான் எழுந்திருப்போம்.

கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஆண்டுதோறும் ஒரே செய்தியைச் சேர்ப்பேன்: எங்கள் வேதியியல் துறை மதிப்பெண் வழங்குவதில் இறுக்கமானது, கரிம வேதியியல் வகுப்பின் சராசரி பி மைனஸை ஒட்டியே இருக்கும், இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம். அந்த வாக்கியத்தைப் பல நூறு முறை எழுதியிருப்பேன். அதைப் படித்த யாராவது எங்கள் மாணவரின் எண்ணைத் தம் மனத்துக்குள் சற்று உயர்த்திப் பார்த்தார்களா என்பது எனக்கு நெடுநாள் உறுத்தலாகவே இருந்தது.

விண்ணப்பங்கள் மருத்துவக் கல்லூரிகளுக்கு நேராகப் போவதில்லை. பெரும்பாலானவை ஆம்காஸ் என்ற மையச் சேவையின் வழியாகப் போகின்றன. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் அதை நடத்துகிறது. மாணவர் படித்த ஒவ்வொரு பாடத்தின் கிரேடையும் அங்குள்ளவர்கள் கல்லூரி அனுப்பும் மூலப் பட்டியலுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்து, எல்லோருக்கும் பொதுவான நான்கு புள்ளி அளவுகோலுக்கு மாற்றுகிறார்கள். ஏ என்றால் 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0 என்று அது இறங்கிக்கொண்டே போகும். ஏ பிளஸுக்கு 4.3 கொடுக்கும் கல்லூரிகள் இருந்தாலும் ஆம்காஸில் அதுவும் 4.0தான். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரு சராசரி, ஏனைய பாடங்களுக்கு இன்னொன்று, இரண்டும் சேர்ந்து மொத்த ஜிபிஏ, அதாவது கிரேடுப் புள்ளிகளின் சராசரி. கல்லூரி எது, வினாத்தாள் எவ்வளவு கடினம், அதே வகுப்பில் எத்தனை பேருக்கு ஏ கிடைத்தது என்பவற்றுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. யாருக்கும் தனிச் சலுகை இல்லை என்ற அளவில் இது நேர்மையான முறைதான். ஆனால் வேறு வேறு மரக்காலால் அளந்த நெல்லை, மரக்காலின் அளவைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கூட்டுவது போன்ற நேர்மை அது.

எங்களிடம் படித்த ஒரு மாணவியின் நினைவு எனக்கு அடிக்கடி வரும். ஆய்வகத்தில் என் உதவியாளராக இரண்டு ஆண்டுகள் இருந்தவர். அவருடைய ஜிபிஏ 3.41. அவரோடு ஒரே பள்ளியில் படித்த தோழி வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 3.8 வைத்திருந்தார். எம்கேட் தேர்வில் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண். ஒரு கோடை விடுமுறையில் இருவரும் தங்கள் கரிம வேதியியல் வினாத்தாள்களை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். விடுமுறை முடிந்து வந்ததும் என் மாணவி இரண்டையும் கொண்டுவந்து என் மேசையில் அருகருகே வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. பாடநூல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். தோழியின் வினாத்தாளில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் நாற்பது. நான் தயாரித்த வினாத்தாளில் ஆறே கேள்விகள்; ஒவ்வொன்றிலும் ஒரு மூலக்கூறைக் கொடுத்து, அதைத் தொடக்கப் பொருளிலிருந்து படிப்படியாக உருவாக்கிக் காட்டச் சொல்லியிருந்தேன். தோழியின் தாளைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் முந்நூறு பேர் அமரும் வகுப்புக்கு வேறு எப்படித் தேர்வு வைக்க முடியும்? ஆனால் இரண்டு தாள்களிலும் பெற்ற ஏ ஒரே ஏ அன்று என்பதை அவற்றைப் பார்த்த எவரும் ஒப்புக்கொள்வார்கள். ஆம்காஸின் கணினி வினாத்தாளைப் பார்ப்பதில்லை. அந்த ஆண்டு என் மாணவிக்கு நேர்முகத்துக்கான அழைப்பு ஒன்றுகூட வரவில்லை.

போட்டி எப்படிப்பட்டது என்பதைச் சொன்னால்தான் 3.41 என்பதன் பொருள் விளங்கும். 2023-ஆம் ஆண்டு ஆம்காஸ் வழியாக 52,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 23,000 பேர். சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.77. அதாவது ஏ மைனஸுக்கும் மேலே. எங்கள் துறையில் ஏ மைனஸ் வாங்குகிறவர் வகுப்பின் முதல் சிலரில் ஒருவர்.

அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி ஒன்றின் சேர்க்கைக் குழு உறுப்பினர் ஒருமுறை எங்கள் மாணவர்களிடம் பேச வந்தார். அவர் புறப்படும்போது, எங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படிப்பதுண்டா என்று கேட்டேன். படிப்பதாகவும், எங்கள் கல்லூரியின் இறுக்கம் தமக்கு நன்றாகத் தெரியும் என்றும் சொன்னார். சற்று நேரம் கழித்து, கடிதம் தம் மேசைக்கு வருவதற்கு முன்பே கணினி ஒருமுறை எண்களை வைத்து வடிகட்டிவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார். மழுப்பாமல் பேசியதற்காக அவர்மீது எனக்கு இன்றும் மதிப்பு உண்டு.

கணினியை விட்டு மனிதர்களே படித்தாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை என்பது பின்னர் தெரிந்தது. சாமுவேல் ஸ்விஃப்ட், டான் மூர் முதலியோர் 2013-இல் ப்ளோஸ் ஒன் இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. சேர்க்கை அலுவலர்களிடம் விண்ணப்பதாரரின் ஜிபிஏவோடு அவர் படித்த கல்லூரியின் சராசரி ஜிபிஏவையும் சேர்த்தே கொடுத்தார்கள். விவரம் கண்முன்னே இருந்தும், தாராளமாக மதிப்பெண் போடும் கல்லூரியிலிருந்து வந்த உயர்ந்த எண்ணையே அவர்கள் மேலாகக் கருதினார்கள். என் கடிதத்தின் கடைசிப் பத்திக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஊகிக்க அதற்குமேல் சான்று தேவைப்படவில்லை.

இறுக்கிப் பிடித்துப் பார்த்த பெரிய இடங்களும் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2004-இல், இளங்கலை வகுப்புகளில் ஏ வகைக் கிரேடுகள் 35 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. அதை விளக்கும் குறிப்பை மதிப்பெண் பட்டியலோடு அனுப்பவும் செய்தது. பத்து ஆண்டுகளில், 2014-இல், அதைக் கைவிட்டது. தாங்கள் மட்டும் கட்டுப்பாட்டோடு இருக்க, பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் வாரி வழங்கின என்பது மாணவர்களின் மனக்குறை. அது பொய்யும் அன்று. ஹார்வர்டில் அதிகமாக வழங்கப்படும் கிரேடு ஏ என்றும், நடுநிலைக் கிரேடு (எல்லாக் கிரேடுகளையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) ஏ மைனஸ் என்றும் 2013-இல் அங்குள்ள முதல்வரே ஆசிரியர் கூட்டத்தில் தெரிவித்தார். யேல் பல்கலைக்கழகத்தில் 2022–23 கல்வியாண்டில் வழங்கப்பட்ட கிரேடுகளில் ஏறத்தாழ 79 விழுக்காடு ஏ அல்லது ஏ மைனஸ்.

இதனால்தான், கல்லூரியின் பெயரைப் பார்த்து எண்ணைத் திருத்திக்கொள்ளலாமே என்ற யோசனையை நான் ஏற்பதில்லை. பெயர் பெற்ற இடங்களே தாராளமாகவும் இருக்கும்போது, பெயருக்கு என்று கூடுதலாக மதிப்புக் கொடுத்தால் அங்கிருந்து வருகிறவர்களுக்கு இரட்டைச் சலுகை கிடைத்துவிடும். பகலில் வேலை பார்த்துக்கொண்டு உள்ளூர் அரசுக் கல்லூரியில் படித்து 3.9 வாங்கியவர், அந்தக் கல்லூரியின் பெயர் யாருக்கும் தெரியாது என்பதற்காக ஏன் சந்தேகத்துக்கு உள்ளாக வேண்டும்?

மாற்றுக் கணக்கிலேயே உள்ள விசித்திரம் ஒன்றையும் சொல்ல வேண்டும். டெக்சாஸ் மாநிலத்தின் மருத்துவக் கல்லூரிகளுக்குத் தனிச் சேவை ஒன்று உள்ளது. அது பிளஸ், மைனஸ் குறிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. ஏ மைனஸ் அங்கே முழு நான்கு, பி பிளஸ் வெறும் மூன்று. ஆறு ஏ மைனஸும் இரண்டு பி பிளஸும் வாங்கியவருக்கு ஆம்காஸில் 3.6, டெக்சாஸில் 3.75. அதுவே இரண்டு ஏ மைனஸ், ஆறு பி பிளஸ் என்றால் ஆம்காஸில் 3.4, டெக்சாஸில் 3.25. டெக்சாஸிலிருந்து வந்து எங்களிடம் படித்த மாணவர் ஒருவருக்காக இந்தக் கணக்கை ஒரு மாலை முழுவதும் போட்டுப் பார்த்தேன். ஒரே ஆள், ஒரே பட்டியல், இரண்டு எண். இரண்டாம் தசம இடத்தில் ஒருவருடைய வருங்காலத்தைத் தேடும் தொழிலில் இருக்கிறோமே என்று அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

சேலத்திலிருந்து வந்து குடியேறிய தந்தை ஒருவர் தம் மகளைப் பற்றிப் பேசத் தொலைபேசியில் அழைத்தார். “சார், ஊரில் என் அண்ணன் மகனுக்குக் கட்-ஆஃப் 197.5. அது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். இங்கே என் மகளுக்கு 3.5 என்கிறார்கள். அது நல்லதா கெட்டதா என்று உங்களால்கூடச் சொல்ல முடியவில்லையே?” என்றார். அவருக்கு நான் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. ஆனால் அவர் நினைவூட்டிய முறையைப் பற்றி யோசித்தேன். தமிழ்நாட்டில் நுழைவுத்தேர்வை நீக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இதே சிக்கலுக்கு ஒரு விடை வைத்திருந்தது. மாநிலப் பாடத்திட்டத்தில் இயற்பியலின் முதல் மதிப்பெண் 100 ஆகவும், வேறொரு வாரியத்தில் 90 ஆகவும் இருந்தால், அந்த 90-ஐ நூறாகக் கொண்டு, அங்கே 60 வாங்கியவருக்கு 66.66 என்று கணக்கிட்டார்கள். மரக்காலின் அளவு வேறு என்பதையாவது அந்த முறை ஒப்புக்கொண்டது. ஆனால் இரு வாரியத்தின் முதல் மாணவர்களும் சமம் என்று அது எடுத்துக்கொண்டது. ஒரே ஒருவருடைய மதிப்பெண் மற்ற அனைவருடையதையும் நகர்த்தியது. நடுவில் கூட்டமாக இருப்பவர்கள் எப்படிப் பரவியிருக்கிறார்கள் என்பதை அது தொடவில்லை. அமெரிக்காவில் அந்த வழியும் இல்லை. ஏறத்தாழ எல்லாக் கல்லூரிகளிலும் யாராவது ஒருவர் 4.0 வைத்திருப்பார், பாடத்திட்டமோ கல்லூரிக்குக் கல்லூரி, ஆசிரியருக்கு ஆசிரியர் வேறு.

பொதுவான அளவுகோல் என்று இருப்பது எம்கேட் ஒன்றுதான். 472 முதல் 528 வரை போகும் அந்த எண் எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் மூன்று மாதம் வேலையை விட்டுவிட்டுத் தயாராகும் வசதி எல்லோருக்கும் இல்லை. நான்கு ஆண்டு உழைப்பை ஏழரை மணி நேரத்துக்குள் அடக்குவதில் எனக்கு உடன்பாடும் இல்லை.

எனக்குப் பிடித்த ஏற்பாடு டார்ட்மத் கல்லூரியுடையது. அங்கே 1990-களிலிருந்து, மாணவரின் கிரேடுக்குப் பக்கத்திலேயே அந்த வகுப்பின் நடுநிலைக் கிரேடையும் மாணவர் எண்ணிக்கையையும் பட்டியலில் அச்சிடுகிறார்கள். நடுநிலை ஏ ஆக இருக்கும் வகுப்பில் வாங்கிய ஏ எது, நடுநிலை பி மைனஸாக இருக்கும் வகுப்பில் வாங்கிய பி பிளஸ் எது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கார்னெல் பல்கலைக்கழகம் நடுநிலைக் கிரேடுகளை இணையத்தில் வெளியிட்டபோது மாணவர்கள் தாராளமான வகுப்புகளைத் தேடிப் பதிவு செய்தார்கள் என்பதும் ஆய்வில் பதிவாகியுள்ளது. தெரியப்படுத்தினால் பட்டியலைப் பெறுகிறவரும் படிப்பார், அதைத் தரும் மாணவரும் கணக்குப் போடுவார். அதற்கு நான் அஞ்சவில்லை. என் வருத்தம் வேறு. ஆம்காஸ் விண்ணப்பத்தில் நடுநிலைக் கிரேடுக்கென்று ஒரு கட்டம்கூடக் கிடையாது.

இவ்வளவு சொல்லிவிட்டு எங்கள் துறையின் பங்கை மறைப்பது சரியன்று. நாங்கள் ஏன் பி மைனஸைப் பிடித்துக்கொண்டிருந்தோம்? இறுக்கமாக இருப்பதே தரம் என்று நம்பினோம். ஓய்வு பெற்றுப்போன மூத்தவர்கள் விட்டுச்சென்ற வழக்கம் அது. கொஞ்சம் பெருமையும் உண்டு. 89.6 வாங்கியவருக்கு பி பிளஸ் போட்டு, 90 என்றால் 90தான் என்று நானே சொல்லியிருக்கிறேன். அந்தப் பெருமைக்கான விலையை நாங்கள் யாரும் கொடுக்கவில்லை.

என் மாணவி இரண்டு ஆண்டுகள் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு மறுபடியும் விண்ணப்பித்து இடம் பெற்றார். முதலாண்டு முடிந்து எங்களைப் பார்க்க வந்தபோது, தம் மருத்துவக் கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் கிரேடே கிடையாது, தேர்ச்சி அல்லது தேர்ச்சியின்மை மட்டும்தான் என்றார். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை இப்போது அப்படித்தான். மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டம்கூட 2022 ஜனவரியிலிருந்து மதிப்பெண் இல்லாத தேர்வாகிவிட்டது. உடன் படிப்பவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிடாமல் கற்க வேண்டும் என்று அவர்களுடைய பேராசிரியர்கள் சொல்கிறார்களாம். வாசலில் நூறில் ஒரு பங்கு புள்ளியை எண்ணியவர்களும் அதே பேராசிரியர்கள்தான் என்று நான் சொல்ல, அவர் சிரித்தார்.

நான் பணியை விட்டு விலகுவதற்கு முந்தைய ஆண்டு, கரிம வேதியியல் வகுப்பின் சராசரியை பி மைனஸிலிருந்து பி பிளஸுக்கு உயர்த்தும் தீர்மானம் துறைக் கூட்டத்துக்கு வந்தது. இருவர் எதிர்த்தார்கள், அவர்கள் சொன்ன ஒவ்வொரு காரணமும் எனக்குச் சரியாகவே பட்டது. நான் ஆதரித்துக் கை தூக்கினேன். வினாத்தாளில் அதே ஆறு கேள்விகள்தான் இருந்தன. அந்தக் கோடையில் எழுதிய கடிதங்களின் கடைசிப் பத்தியிலிருந்து அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.